காட்டாத காயிதம்

உ
ஆரணி, கொசப்பாளையம்
22-1-98

என் அண்ணன் பொண்ணு சுபலட்சுமிக்கு அத்தை பூங்காவனம் எழுதறது. படவேட்டு அம்மா தயவுல இங்க மூச்சு வந்துகினு போய்கினு இருக்குது. நீயும் மாப்ள ஜெயவேலும் அந்தப் பூனாக் குளிர்ல எப்பிடி இருக்கறீங்க? பொங்கலுக்கு ஒரு வரி எழுதல நீ. சரி, நர்சு வேலன்னா நிக்க நேரம் இருக்காது, வுடு.

எஸ்.டி.டி பூத்துல பேசலாம்னுதான் போனேன். அந்த சிவப்பு லைட்டுல நம்பர் ஓடறதப் பார்த்ததும் சொல்ல வந்தது எல்லாம் மறந்துபோச்சு. கடுதாசின்னா நம்ம இஷ்டத்துக்குப் பேசலாம்.

விஷயம் என் மூக்கப் பத்தி. ஒன்றர வருஷமா சளி, பொருக்கு, சமயத்துல ரத்தம், ஒரு பக்கம் காது அடைப்புன்னு இருந்தேன் இல்ல, உள்ளூர்ல எல்லா டாக்டரும் சைனஸ்னாங்க. ஆறு மாசத்துக்கு முன்ன மூக்கு நடு எலும்பே உள்ள உக்காந்துபோச்சு. வெண்ணெயில வெரல வச்சு அமுக்கினாப்ல ஒரு பள்ளம். மூக்குத்தி வேற ஒரு பக்கமா சாஞ்சுபோச்சு. அப்பால வேலூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். சதை எடுத்து டெஸ்டு பண்ணி, ரத்தம் எடுத்து, ஒரு பேரு சொன்னாங்க, என் வாய்ல நொழையல. ரத்தக் கொழா நோயாம். வூட்டுக் காவலுக்கு வச்ச ஆளே வூட்டுக்காரன அடிக்கிறாப்ல, நம்ம ரத்தத்துல இருக்கற காவல்காரனே நம்ம ரத்தக் கொழாய அடிக்கறானாம். ஸ்டீராய்டு மாத்திர குடுத்தாங்க, மூஞ்சி ஆப்பம் மாதிரி ஊதி, இப்ப வடிஞ்சு வருது.

இனிமே இன்னா மாத்திர தெரியுமா? செப்ட்ரான். ரெண்டு வேள, ரொம்ப நாளைக்கு. நம்ம தெருவுல வயித்தால போனா வாங்கிப் போடுவோமே, அதேதான். நான் டாக்டரம்மாவையே கேட்டேன், ஏம்மா, மூக்குக்குப் போயி வயித்து மாத்திரையான்னு. அது சிரிச்சுகினு, உங்க நோயி மூக்கோட நின்னுகினு இருக்குது, கிட்னிக்கும் நெஞ்சுக்கும் போவல, உங்கள மாதிரி சில பேருக்கு இந்த மாத்திர நோவு திரும்பி வராம தடுக்குதுன்னு சொல்லுச்சு. நெசமாடி? நீ படிச்சவ, சொல்லு.

எம்புள்ள ராஜ்குமாரும் வேலூருக்குக் கூட வந்திருப்பான். வேலையா சேத்துப்பட்டு போயிட்டான். மருமவ அஞ்சலையும் கொழந்த பானுவும் சொகம்.

மாப்ளைக்கு என் ஆசீர்வாதம். தலைக்குக் குளிச்சா நல்லாத் தொவட்டு.
அத்தை

*

பூனா
8-2-98

அன்பு அத்தை,

உங்க கடிதம் கிடைச்சது. ஆப்பம் மாதிரி மூஞ்சின்னு படிச்சு சிரிச்சேன், அப்புறம் சிரிச்சதுக்கு வருத்தப்பட்டேன். நாங்க நல்லா இருக்கோம்.

டாக்டர் சொன்னது நிஜம். எங்க ஆஸ்பத்திரி டாக்டர் கிட்டயும் கேட்டேன். வெளிநாட்டுல நோயாளிகளுக்குக் குடுத்துப் பார்த்திருக்காங்களாம். மூக்குல தங்கற கிருமி அந்தக் காவல்காரனை உசுப்பி விடுதோ என்னவோ, ஏன் வேலை செய்யுதுன்னு முழுசா தெரியாதாம். ஆனா பல பேருக்கு நோய் திரும்பறதைக் குறைக்குது. எல்லாருக்கும் இல்லை. கிட்னி, நுரையீரலுக்குப் போயிட்டா இது மட்டும் போதாது.

அதனால மூணு விஷயம். நீங்களா நிறுத்தக் கூடாது. நிறைய தண்ணி குடிக்கணும், சொன்ன தேதிக்கு ரத்தம், சிறுநீர் டெஸ்ட் பண்ணணும். இருமினா ரத்தம் வந்தாலோ, சிறுநீர் சிவப்பா போனாலோ, உடம்புல தடிப்பு வந்தாலோ அன்னைக்கே வேலூர் போகணும். விரதம்னு மாத்திரையைத் தள்ளாதீங்க, உங்களைத் தெரியும் எனக்கு.

அடுத்த தடவை ராஜ்குமாரை அவசியம் கூட்டிட்டுப் போங்க. அவன் எப்படி இருக்கான்? ஒரு வரிதான் எழுதியிருந்தீங்க.

உங்க சுபா

*

ஆரணி
5-3-98

சுபா கண்ணுக்கு அத்தை எழுதறது. ஒடம்பு பரவால்ல, ரத்தம் நின்னு ஒரு மாசம் ஆவுது. மாசி வெயிலே மண்டையப் பொளக்குது. அங்க எப்பிடி?

விரதத்தப் பத்தி எழுதியிருந்தியே, அத முருகன் கிட்டயே கேட்டுட்டேன். மாத்திர சாப்பாட்டுல சேராதுன்னுட்டாரு. கிருத்திகை அன்னிக்கும் போட்டுக்கறேன்.

மாத்திரைய தரணேந்திரன் கடையில வாங்கறேன். நம்ம ஊரு ஜைனருதான். பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட வூட்டுக்குப் போயிடுவாருன்னு நாலு மணிக்கே போயிடறது. ரெண்டு மாசமா அட்ட அட்டையா வாங்கறனா, பின்னாடி நின்னுகினு இருந்த யாரோ பார்த்திருக்கறாங்க. தெருவுல ஒரு கணக்குப் போட்டுட்டாங்க. மாசக் கணக்குல முழுங்கற மாத்திர ரெண்டு நோவுக்குத்தான். ஒண்ணு டி.பி., இருமல் இல்ல, அதனால அது இல்ல. அப்ப இன்னொண்ணு. மூக்கு வேற உக்காந்துகினு இருக்குது. பெருநோயி, அதான் குஷ்டம்னு முடிவு பண்ணிட்டாங்க.

யாரும் வாயத் தொறந்து சொல்லலடி. எதிர்வூட்டு ராஜம்மாள் முப்பது வருஷமா எங்கூட கொழாயடியில நிக்கறவ, இப்ப நான் கொடத்த வச்சா அவ கொடத்த எடுத்துகினு தள்ளி வச்சிக்கிறா. நானும் வேணும்னே என் கொடத்தத் தள்ளிகினு அவ பக்கத்துல போனேன். மூணு தடவ. கடசியில தண்ணியே புடிக்காம போயிட்டா. அன்னிக்கு நல்லா சிரிச்சேன், வூட்டுக்கு வந்தப்புறம் சிரிப்பு வரல.

தெருப் பெரியவரு பச்சையப்பன் வந்தாரு. வாசப்படி ஏறல. முகூர்த்தப் பட்டும்மா, கல்யாணப் பொண்ணு மேல ஏறற துணி, நீ கொஞ்ச நாளைக்குத் தாரு சுத்த வோணாம்னாரு. ஏண்ணே, என் கை இன்னா பண்ணுச்சுன்னு கேட்டேன். தரையப் பார்த்துகினே போயிட்டாரு. அன்னியிலருந்து யாரும் எனக்கு நூலு குடுக்கல. தறிக்கு நூலு சுத்திக் குடுக்கறதுதான என் பொழப்பு. மாமா போயி ஏழு வருஷமா என் வயித்துக்கு நான் சுத்தின தாருதான் சோறு போட்டுது.

ராஜ்குமாரு சொல்றான், பெருநோய் ஆஸ்பத்திரிக்கே போயி டெஸ்டு பண்ணி, இல்லன்னு எழுதி வாங்கினு வந்து கதவுல ஒட்டுன்னு. போலாமா? நீ சொன்னாப் போறேன். அவன் இப்ப தெள்ளாருக்கு வேலையாப் போயிருக்கறான்.

வேளைக்கு சாப்பிடு.
அத்தை

*

பூனா
20-3-98

அன்பு அத்தை,

படிச்சுட்டு ரொம்ப நேரம் கோபமா இருந்தது. போங்க. கட்டாயம் போங்க. வேலூர் பக்கத்துலயே பெருநோய்க்குன்னு ஆஸ்பத்திரி இருக்கு, அரை நாள்ல பார்த்துடுவாங்க. எழுத்துல வாங்கிட்டு வந்து பச்சையப்பன் மாமா கையிலயே குடுங்க. ஒரு பேப்பர்ல முடியற விஷயம்.

ராஜ்குமார் ஜனவரியில சேத்துப்பட்டு, மார்ச்ல தெள்ளார். அப்ப வீட்டுத் தறியில அவனுக்குப் பதிலா யார் உட்கார்றாங்க அத்தை?

சுபா

*

ஆரணி
19-4-98

சுபாவுக்கு அத்தை எழுதறது. நல்லா இருக்கறேன். சித்திர பொறந்து வேப்பம்பூ கொட்டுது, நீ இருந்தா பச்சடி பண்ணி ஒரு வாய் ஊட்டியிருப்பேன்.

போயிட்டு வந்தேன். தனியாத்தான் போனேன், எனக்கு இன்னா பயம். காது மடல்லயும் புருவத்துலயும் லேசாக் கீறி கண்ணாடியில தடவினு போனாங்க. கண்ண மூடச் சொல்லி பஞ்சால தொட்டு, எங்க தொடறேன் சொல்லுன்னாங்க. எல்லாம் சரியாச் சொன்னேன். சாயங்காலம் டாக்டரு வேலூர்ச் சீட்டையும் பார்த்துட்டு, இது அந்த நோயி இல்லன்னு சீல் வச்சு எழுதிக் குடுத்தாரு.

ஆனா நடுவுல ஒண்ணு நடந்துச்சு. அத யாரு கிட்டயும் சொல்லல, உங்கிட்ட சொல்றேன்.

வராண்டாவுல பக்கத்துல ஒருத்தி. பேரு கன்னியம்மா, தேசூர்க்காரி, நாப்பது வயசு இருக்கும். அவளுக்கு இந்த நோயி வந்து, மாத்திர சாப்ட்டு, சொகமாயி ஆறு வருஷம் ஆச்சாம். வலது கையில ரெண்டு வெரலு மட்டும் மடங்கினது மடங்கினதுதான். காலுக்கு அளவெடுத்துச் செருப்பு தெச்சுக் குடுப்பாங்களாம், அத வாங்க வந்திருந்தா. நல்ல பேச்சுக்காரி, எனக்கு சரியா ஜோடி. மத்தியானம் எல பிரிச்சு ரெண்டு இட்லிய எங்கிட்ட நீட்டினா. காலையிலருந்து எனக்குப் பச்சத் தண்ணி கூட இல்ல, வயிறு கத்துது. இருந்தாலும் கை போவல சுபா. இன்னிக்கு கிருத்திகை, நான் விரதம்னு சொல்லிட்டேன்.

அவ எலைய மடிச்சுகினே சொன்னா, "கிருத்திகை முந்தாநேத்தே போயிடுச்சே அக்கா."

கோவமா சொல்லல. தேதி சொல்றாப்ல சொன்னா. நானும் முருகன் பேர்ல பொய் சொன்னவ ஆயிட்டேன். ராஜம்மாள் கொடத்த தள்ளி வச்சா, நான் இட்லியத் தள்ளி வச்சேன், அவ்ளோதான் வித்தியாசம்.

காயிதத்த இடுப்புல சொருவிகினு பஸ் ஏறினேன். ஒரு பவுன வச்சிருக்கறாப்ல இருந்துச்சு.

ராஜ்குமாரு கதவுல ஒட்டுன்னான். பாக்கலாம்.
அத்தை

*

பூனா
12-5-98

அன்பு அத்தை,

பேப்பர் வந்துடுச்சுன்னு படிச்சதும் சாமிக்கு விளக்கு ஏத்தினேன், நம்புவீங்களா? காட்டிட்டீங்களா? பச்சையப்பன் மாமா என்ன சொன்னார்? மறுபடி நூல் குடுக்கறாங்களா? உடனே எழுதுங்க.

கன்னியம்மா விஷயத்தை மனசுல போட்டுக்காதீங்க. யாரா இருந்தாலும் அப்படித்தான் செஞ்சிருப்பாங்க.

சுபா

*

பூனா
2-7-98

அத்தை,

ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. உங்க கிட்டருந்து ஒரு கார்டு கூட இல்லை. நேத்து டெலிபோன் விசாரணையில நம்பர் வாங்கி தரணேந்திரன் சார் கடைக்கு போன் பண்ணினேன். நீங்க மே மாசத்துலருந்து மாத்திரை வாங்க வரலையாம். அவரே ஆள் அனுப்பிக் கேட்டாராம், வேற கடையில வாங்கறேன்னு சொன்னீங்களாம். ஆரணியில நீங்க வேற எந்தக் கடையிலயும் வாங்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்.

ஏன் நிறுத்தினீங்க? ரத்தம் வருதா? ராஜ்குமார் எங்க?

எங்கிட்ட மறைக்காதீங்க அத்தை.
சுபா

*

ஆரணி
16-7-98

சுபா கண்ணுக்கு அத்தை எழுதறது. இன்னிக்கு எழுந்து ஒக்காந்து எழுதறேன், அதுலருந்தே தெரிஞ்சிக்கோ, உசுரோடத்தான் இருக்கறேன். ஆடி பொறக்கப் போவுது, அம்மாவுக்குக் கூழு ஊத்தாம நான் எங்கயும் போவ மாட்டேன்.

ராஜ்குமாரு வேலையா எங்கயும் போவலடி. மூக்கு உக்காந்ததப் பார்த்து பயந்துகினு, பொங்கலுக்கு மறாநாளே பொண்டாட்டி புள்ளைய இஸ்துகினு சேத்துப்பட்டு மாமியார் வூட்டுக்குப் போயிட்டான். தெள்ளாருன்னு சொன்னதும் பொய்தான். தறி பொங்கல்லருந்து சும்மா கெடக்குது. பெத்த புள்ள வுட்டுட்டுப் போயிட்டான்னு கையால எழுத வரல எனக்கு.

மே மாசம் வந்தான். காயிதத்தக் கேட்டான். ஒட்ட மாட்டேன்னேன். ஏன்னா எனக்கு அப்ப சொல்லத் தெரியல, ஒட்ட மாட்டேன்னு மட்டும் தெரிஞ்சுது. அப்ப அந்த மாத்திரையாச்சும் நிறுத்து, அட்டைய பார்க்காட்டி ஜனம் மறந்துடும், நாங்க வூட்டுக்கு வந்துடறோம்னான். பானுவையும் கூடவே கூட்டினு வந்திருந்தான். அது ஆயான்னு வந்து கழுத்தக் கட்டிகிச்சு. நிறுத்திட்டேன். நாலு வயசுக் கொழந்த கழுத்தக் கட்டிகினா நீயும் நிறுத்தியிருப்ப.

நாப்பது நாளு. வூடு வூடா இருந்துச்சு. அஞ்சலை சமைக்க, கொழந்த எம்பக்கத்துல படுக்க, எல்லாம் இருந்துச்சு. அதான் உனக்கு எழுதல, எழுதினா நீ கண்டுபுடிச்சிடுவ. அப்பால ஒரு நாள் விடிகாலம் பானு எழுந்து, ஆயா தலகாணி செவப்பா இருக்குதுன்னுச்சு. அதோட சாயங்காலத்துக்குள்ள அவங்க மறுபடி சேத்துப்பட்டு பஸ் ஏறிட்டாங்க. அஞ்சலை மட்டும் வாசல்ல நின்னு ஒரு தடவ திரும்பிப் பார்த்துச்சு.

வேலூர் போனேன். டாக்டரம்மா கத்துச்சு பாரு, என் மாமியாரு கூட அப்பிடிக் கத்தல. மூக்கும் சைனஸும் மறுபடி புண்ணு. கிட்னி, நெஞ்சு ரெண்டும் தப்பிச்சுது. அம்மா காப்பாத்திட்டா. மறுபடியும் கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு, கூடவே செப்ட்ரானு. இனிமே யாரு கழுத்தக் கட்டினாலும் நிறுத்த மாட்டேன். தரணேந்திரன் கடையில பொட்டலம் கட்ட வோணாம், அப்பிடியே குடுங்கன்னு வாங்கி, அட்டைய கையில புடிச்சுகினு தெரு நீளத்துக்கும் நடந்து வந்தேன். பார்க்கறவங்க பார்க்கட்டும்.

இப்ப காயிதம் ஏன் காட்டலன்னு கேளு. நீ எழுதினியே, யாரா இருந்தாலும் அப்பிடித்தான் செஞ்சிருப்பாங்கன்னு. அதத்தான் யோசிச்சுகினே படுத்துக் கெடந்தேன். அத நான் கதவுல ஒட்டினா இன்னா அர்த்தம்? ஐயா, எனக்கு அந்த நோயி இல்ல, என்ன சேத்துக்குங்க, அது இருக்கறவங்கள வேணும்னா தள்ளிக்கிங்கன்னு அர்த்தம். ஆறு வருஷத்துக்கு முன்ன சொகமான கன்னியம்மாளுக்கு இன்னிக்கும் தேசூர்ல தனிக் குடிசதான். அவளுக்கு சீல் வச்ச காயிதம் எந்த டாக்டரு குடுப்பாரு? அவ வெரலு மடங்கி இருக்குதே.

காட்ட மாட்டேன் சுபா. திட்டணும்னா திட்டு.
அத்தை

*

பூனா
3-8-98

அன்பு அத்தை,

திட்டணும்னுதான் உட்கார்ந்தேன். ரெண்டு கடிதம் எழுதிக் கிழிச்சுட்டேன். பக்கத்துல இல்லாத நான், காட்டுங்க காட்டுங்கன்னு சொல்றது சுலபம்னு தெரியும். ஆனாலும் சொல்றேன், காட்டுங்க. வேலை இல்லை, பிள்ளை இல்லை, உடம்பு இப்படி. நீங்க ஒருத்தர் காட்டாததால ஊர் திருந்திடாது.

இன்னொண்ணும் சொல்லணும். அவர் கிட்ட நான் இதுவரைக்கும், அத்தைக்கு சைனஸ்னுதான் சொல்லி வெச்சிருந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு உங்க கடிதம் படிச்சப்புறம்தான் யோசிச்சேன். நான் நர்ஸ். நேத்து ராத்திரி உண்மையைச் சொன்னேன்.

மாத்திரையை மட்டும் விடாதீங்க.
சுபா

*

ஆரணி
21-9-98

என் சுபலட்சுமிக்கு அத்தை எழுதறது. மூக்குல ரத்தம் நின்னு ஏழு வாரம். ஸ்டீராய்டு கொறச்சுகினே வராங்க. டெஸ்டு எல்லாம் சரியா இருக்குதாம். மாப்ள இன்னா சொன்னாரு? அவரு எழுதின நாலு வரிக் கார்டு வந்துச்சு. அத்தை, மாத்திர போட்டீங்களான்னு மட்டும் கேட்டிருந்தாரு. நல்ல மனுஷன்.

ஒக்காந்து படி, பெரிய கத.

போன வருஷம் ராஜ்குமாரு வாங்கி வச்ச பட்டு, பரண்மேலயே கெடந்துச்சு. தீபாவளி வருது, ஊரே ஜல்தி ஜல்தியா நெய்யுது, நம்ம வூட்டுத் தறி மட்டும் ஏன் வாய மூடிகினு இருக்கணும்? மாமா இருந்தப்ப நானும் தறிக் குழியில எறங்கி நெய்ஞ்சவதான். தறிக்கு நீள இழை கட்டி பாவு போட்டுடலாம்னு முடிவு பண்ணிட்டேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும், தெருவுல பாவு நீட்டணும்னா ஒரு வூட்டு ஆளுங்களால ஆவாது. ஒரு கோடியிலருந்து அந்தக் கோடி வரைக்கும் இஸ்துகட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழையெல்லாம் முடி போட்டு, வெயிலு ஏறறதுக்குள்ள காயவச்சு சுருட்டணும். பத்துப் பேரு கை வேணும். வூட்டுக்கு ஒருத்தரு வருவாங்க, கூலி கெடையாது, அவங்க பாவுக்கு நாம போவணும், அதான் நம்ம தெரு வழக்கம். கஞ்சி காயறதுக்குள்ள இழை பிரிக்கலன்னா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிகினு அத்தனையும் பாழு.

மொத நாளு வூடு வூடாப் போயி சொன்னேன், நாளைக்கு எங்க வூட்டுப் பாவுன்னு. யாரும் இல்லன்னு சொல்லல, வரேன்னும் சொல்லல. எனக்குத் தெரியும். அதனாலதான் ஒரு வாரம் முன்னயே தேசூருக்கு ஒரு கார்டு போட்டிருந்தேன். கார்டு, கவரு இல்ல. போஸ்ட்மேன் படிக்கட்டும், ஊரு படிக்கட்டும்னு.

மொத பஸ்ஸுல எறங்கினா கன்னியம்மா. புதுச் செருப்பு, தலையில பூ, கூட அவ வூட்டுக்காரரு. வந்ததும் எங்கிட்ட இன்னா கேட்டா தெரியுமா? "இன்னிக்கு விரதம் இல்லியே அக்கா?" வாசல்லயே உக்கார வச்சு ரெண்டு பேரும் ஒரே தட்டுல இட்லி சாப்ட்டோம். தெரு பூராவும் கதவு இடுக்குல கண்ணு.

தரணேந்திரனும் வந்துட்டாரு, கடை தொறக்கற நேரத்த தள்ளிப்போட்டுட்டு. ஆனா பட்டத் தொடமாட்டாரு. புழுவக் கொன்னு எடுத்த நூலு, எனக்கு அது ஆவாதும்மா, கஞ்சிக் குண்டான வேணும்னா புடிக்கறேன்னாரு. ஊரே என்னத் தொடமாட்டேங்குது, நீங்க பட்டத்தான தொடமாட்டேங்கறீங்க, தாராளமா வாங்கன்னேன். மனுஷன் சிரிச்ச சிரிப்புல கஞ்சி பாதி கீழ சிந்திடுச்சு.

நாலு பேரு. பத்துப் பேரு வேலைய நாலு பேரு எப்பிடி செய்வாங்க? இஸ்துகட்டிட்டோம், கஞ்சியும் தடவிட்டோம். அப்பால வெயிலு வந்துச்சு பாரு, புரட்டாசி வெயிலு. இந்தாண்ட பிரிச்சா அந்தாண்ட ஒட்டுது. கன்னியம்மா ரெண்டு வெரலு மடங்கின கையோட இழை முடி போடறா, எனக்கு மேல ஜல்தியா போடறா. இருந்தும் நடுப்பாவு காய ஆரம்பிச்சிடுச்சு. எனக்கு மூச்சு எரைக்குது. போச்சுடி பட்டுன்னு நெனச்சேன்.

அப்பதான் பச்சையப்பன் அவரு வாசல்ல வந்து நின்னாரு. ராஜ்குமாரு ஏற்கெனவே காயிதம் இருக்கறத ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கறான். அதனால அவரு சத்தமாவே கேட்டாரு.

"இல்லன்னு டாக்டரு எழுதிக் குடுத்தாராமே பூங்காவனம். அத ஒரு தடவ காட்டிடு. ரெண்டு நிமிஷத்துல பத்துப் பேரு வரோம்."

காயிதம் என் இடுப்புல இருந்துச்சு சுபா. ஏப்ரல்லருந்து அங்கதான் இருக்குது, வேர்வையில மெத்துன்னு ஆயிடுச்சு. கை தானா இடுப்புக்குப் போச்சு. உங்கிட்ட எதுக்குப் பொய் சொல்லணும், போச்சு. நெனச்சா கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள பாவு பொழச்சிடும், தெரு பொழச்சிடும், ராஜ்குமாரு வந்துடுவான்.

கன்னியம்மா நிமுந்து கூடப் பார்க்கல. முடி போட்டுகினே மெதுவா சொன்னா, "காட்டு அக்கா. பட்டு வீணாப் போவுது. எனக்கு ஒண்ணியும் இல்ல."

எனக்கு ஒண்ணியும் இல்லன்னா பாரு, அதுலதான் என் கை நின்னுச்சு.

"காயிதம் இருக்குதுண்ணே," ன்னேன். "இதோ இங்கதான் இருக்குது. காட்ட மாட்டேன். எனக்கு அந்த நோயி இருந்தா இந்தப் பாவு அறுந்துடுமா, இல்லன்னா ஒட்டிக்குமா? வர்றவங்க வாங்க. வராதவங்க கதவச் சாத்திக்குங்க, வெயிலு அடிக்குது."

பச்சையப்பன் உள்ள போயி நெசமாவே கதவச் சாத்திகினாரு. நாங்க குனிஞ்சு வேலையப் பார்த்தோம். எவ்ளோ நேரம் ஆச்சோ, பாவுக்கு அந்தாண்ட ஒரு பழைய செவப்புச் சேல வந்து நின்னுச்சு. ராஜம்மாள். கன்னியம்மாளுக்கு எதுர்ல நின்னு இழைய எடுத்தா. கொஞ்சம் பொறுத்து, "இன்னாத்துக்கு இவ்ளோ கெட்டியா கஞ்சி காச்சின, கண்ணு தெரியலியா உனுக்கு"ன்னு என்னத் திட்டினா. ஏழு மாசத்துக்கு அப்பால திட்டறா. அழுதுட்டா கஞ்சியில உப்பு சேந்துடும்னு அடக்கிகினேன். அவளப் பார்த்து இன்னும் ரெண்டு பேரு வந்தாங்க. அவ்ளோதான். பத்து இல்ல, ஏழு.

மூணுல ஒரு பங்கு வீணாப் போச்சு. மீதி பொழச்சுது. அதுல மூணு சேல வரும். நேத்து தறியில ஏத்திட்டேன். மொத சேலைக்கு மாம்பழக் கலரு.

ராஜ்குமாரு மூணாம் நாளு வந்தான். ஒடம்பு எப்பிடின்னு கேக்கல. வீணாப்போச்சுன்னு வெட்டிப்போட்ட பட்டக் கையில எடுத்துப் பார்த்தான். அப்பால குழியில எறங்கி, நான் தப்பாக் கட்டியிருந்த ஒரு கயித்த அவுத்து சரியாக் கட்டினான். காபி குடுத்தேன், என் டம்ளர்ல. வாங்கிக் குடிச்சான். சாயங்கால பஸ்ஸுக்குப் போயிட்டான். அடுத்த வாரம் அஞ்சலை பானுவக் கூட்டினு வருதுன்னு சொன்னான், பார்க்கலாம். நான் வான்னும் சொல்லல, வராதன்னும் சொல்லல.

பச்சையப்பன் இன்னும் பேசல. வர்ற வெள்ளி அவரு வூட்டுப் பாவு. நான் போவேன். வூட்டுக்கு ஒருத்தரு போவணும், அதான தெரு வழக்கம். இந்த வூட்டுக்கு நான்தான் ஒருத்தரு.

இந்தத் தடவ நீலக் கடுதாசி இல்ல, கவரு வாங்கியிருக்கறேன், பார்த்தியா? உள்ள இன்னொரு காயிதம் மடிச்சு வச்சிருக்கறேன். சீல் கொஞ்சம் அழிஞ்சிருக்கும், படிக்க முடியும். நீ வச்சிக்கோ. கிழிச்சுடலாம்னு ரெண்டு தடவ எடுத்தேன், மனசு வரல. இங்க வச்சிருந்தா என்னிக்காச்சும் ஒரு நாளு பயந்து எடுத்துக் காட்டிடுவேன். என் கை இடுப்புக்குப் போனத நான் பார்த்துட்டேன் இல்ல.

கிழிக்கவும் கிழிக்காத, யாருக்கும் காட்டவும் காட்டாத. நான் கேட்டாலும் திருப்பி அனுப்பாத.

மாத்திர வேள ஆயிடுச்சு. ஒரு சொம்பு தண்ணியோட போட்டுகினு தறிக்குப் போறேன்.

உன் அத்தை
பூங்காவனம்